சவரக்கத்தி பழகினவங்க அனுபவம் சொல்லுங்க (வேலூர்ப் பக்கம்)

காட்பாடிக்காரன்:

நாலு பிளேடு, அஞ்சு பிளேடு வெச்ச ரேசர்ல மழிச்சா எனக்குக் கழுத்தெல்லாம் பொரிப்பொரியா கிளம்பிடும். முன்னாடி போற பிளேடு முடியை இழுத்துக் குடுக்குது, பின்னாடி வர்றது தோலுக்குக் கீழ வெட்டிட்டுப் போயிடுது. சுருட்டை முடியா இருந்தா அது வெளிய வராம உள்ளுக்குள்ளயே வளைஞ்சு வளருது. அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர் வேர்வையும் சேர்ந்தா சட்டைக் காலர் பட்டாலே எரியும். தாடி வெச்சுக்கோன்னு வீட்ல சொன்னாங்க. எங்க ஆபீஸ்ல அது நடக்காது. அதனாலதான் மடக்குக் கத்தி பக்கம் போனேன்.

சலூன்ல இருக்கிறதுதானேன்னு கேப்பீங்க. அது இல்ல. இப்ப சலூன்ல இருக்கிறது, பிளேடைப் பாதியா உடைச்சு சொருகுற பிடி. நான் சொல்றது முழுசும் ஒரே இரும்பு, தீட்டித் தீட்டியே காலம் பூரா வெச்சுக்கிற கத்தி. ஜெர்மனி சோலிங்கன்ல செஞ்ச பழசு ஒண்ணு ஆன்லைன்ல கிடைச்சுது. அகலம் 5/8 அங்குலம். இந்தக் கத்திங்களுக்கு அங்குலத்தை எட்டாப் பிரிச்சுத்தான் அளவு சொல்றாங்க. முனை உருண்டை. சதுர முனை காதோரத்துல குத்திடும்னு படிச்சிருந்தேன்.

முகம் தெரியுற அளவுக்குப் பளபளப்பு. ஆனா முடியை வெட்டவே இல்ல, பிடுங்குச்சு.

வேலப்பாடி பக்கம் ஒரு பழைய சலூன் இருக்கு. அங்க இருக்கிற பெரியவர் எழுபதைத் தாண்டினவர், இப்ப மகன்தான் கடையைப் பாத்துக்கறார். கத்தியைக் கையில குடுத்ததும் டியூப்லைட்டுக்கு நேரா வாயை (வெட்டுற விளிம்பை) மேல பாத்தா மாதிரி பிடிச்சு, மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சார். ரெண்டு இடத்துல பொட்டு மாதிரி மினுக்குச்சு. “பாரு நைனா, வாய் மினுக்கக் கூடாது. தீட்டுன வாய்ல வெளிச்சம் நிக்காது. இத்த உனுக்கு வித்தவன் பாலிஷ் போட்டு அனுப்பிட்டுகீறான், தீட்டவே இல்ல”ன்னார்.

மேசை டிராயர்லேருந்து தேய்ஞ்சு நடுவுல பள்ளம் விழுந்த கல்லை எடுத்தார். அதைப் பாத்துட்டு அவரே வேணாம்னு வெச்சுட்டு, துணியில சுத்தியிருந்த இன்னொரு கல்லை எடுத்தார். கத்தியோட முதுகும் வாயும் ஒரே நேரத்துல கல்லுல படுற மாதிரி படுக்க வெச்சார். கோணத்தை நாம கணக்குப் பண்ண வேண்டியதில்ல, முதுகு தடிமனே அதைப் பாத்துக்கும். கல்லுல போவும்போது வாய் முன்னாடி போவணும். தோல்வாருல (கல்லுக்கு அப்புறம் கத்தியை இழுக்கிற தோல் பட்டை) இழுக்கும்போது முதுகு முன்னாடி போவணும், திருப்பும்போது முதுகு மேலேயே உருட்டித் திருப்பணும். வாய்ப் பக்கம் உருட்டுனா தோலும் கிழியும், கத்தியும் மழுங்கும். அவர் இழுக்கும்போது தோல்வாரு தொய்யவே இல்ல, சத்தம் ஒரே சீரா வந்துச்சு. நான் இழுத்தப்ப ‘சர்ர்… டப்’னு விட்டு விட்டு வந்துச்சு. “அழுத்தாத, அத்தோட எடையே போதும்”னு என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்திட்டார்.

சவரம்னு வந்ததும் கத்தி பிடிக்கிற கையைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசல. பேசினது பூரா இடது கையைப் பத்திதான். மூணு விரலைக் காதுக்கு மேல வெச்சுத் தோலை மேல இழு. விரல் ஈரமா இருந்தா வழுக்கும், துண்டுல தொடை, இல்ல படிகாரத்தைத் தொட்டுக்கோ. தோல் பறை மாதிரி விறைச்சு நின்னாத்தான் கத்தி ஓடும், இல்லன்னா முன்னாடி மடிப்பு எழும்பும், அந்த மடிப்புலதான் வெட்டும். கத்தி கன்னத்தோட 30 டிகிரி வாக்குல சாயணும்னு புத்தகத்துல போட்டிருக்கும். இவர் சொன்ன கணக்கு வேற. கத்தி முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவுல, அந்த முதுகு தடிமன்ல ஒண்ணரை, ரெண்டு அளவு இடம் இருக்கணும். கண்ணாடியில பாத்து டிகிரி அளக்கிறதை விட இது சுலபம்.

மொத வாரம் கன்னம் மட்டும். முடி வாட்டத்துலயே, மேலேருந்து கீழ. மீதியைப் பழைய ரேசர்ல முடிச்சுக்கோ, மோவாய் பக்கம் இப்ப போவாதன்னுட்டார். கை பழகறதுக்குப் பலூன் ஊதி சோப்பு தடவிச் சுரண்டச் சொன்னார். எங்க வீட்டுப் பசங்களுக்கு அது தீபாவளி.

ஒரு சிக்கல்: அவர் எதிர்ல நின்னு அடுத்தவங்க முகத்துல பண்ணுவார், வலது கை போதும். நமக்கு நாமே பண்ணும்போது இடது கன்னத்துக்கு ஒண்ணு கையை மாத்தணும், இல்ல மூக்குக்குக் குறுக்க கையைக் கொண்டுபோவணும், கண்ணு மறைஞ்சுடும். நீங்க எப்படிங்க பண்ணிக்கறீங்கன்னு கேட்டேன். “எனுக்கு நானே பண்ணிக்கறது இல்லியே. எதிர்க்கடைக்குப் போவேன்”னார். அதுக்கு மேல என்ன கேக்கறது! இடது கையையே பழக்கிக்கிட்டேன்.

ராணிப்பேட்டை தோல்ஷாப்:

தோல்வாரு வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஜில்லாவுல ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம்னு எங்க திரும்பினாலும் தோல்தான். (ஜில்லாவை மூணாப் பிரிச்சு 2019-லயே ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆயிட்டுது, எனக்கு இன்னும் வாயில வட ஆற்காடுதான் வருது.) ஆனா எல்லாத் தோலும் தோல்வாருக்கு ஆவாது. ஷூவுக்குப் போறது பெரும்பாலும் குரோம் போட்டது, ஷாப்புல வெட் ப்ளூன்னு சொல்வோம். மெத்துன்னு இருக்கும், இழுத்தா நீளும். கத்தியை அது மேல இழுத்தா தோல் குழிஞ்சு வாயைச் சுத்தி மடிஞ்சு வரும், கூரு உருண்டு போயிடும்.

பட்டைத் தோல் கேளுங்க. அந்தக் காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதம் பண்ணது, இப்ப வாட்டில் பட்டை. விறைப்பா இருக்கும், நீளாது. முதுகுப் பக்கத்துத் துண்டா இருக்கணும், வயித்துப் பக்கம் வேணாம், அது தொள தொளன்னு இருக்கும். ரெண்டு ரெண்டரை அங்குல அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல நீளம் இருந்தாப் போதும். நகத்தால கீறிப் பாத்து, உள்ளங்கையால நாள் கணக்குல தேயுங்க. கை எண்ணெயிலதான் அது பதத்துக்கு வரும். தேங்காய் எண்ணெயை ஊத்தி ஊற வெச்சிடாதீங்க.

கடையில பச்சையா ஒரு பசை விக்கறாங்க, அதுவும் குரோம்தான், குரோமியம் ஆக்சைடு. தோல் பதம் பண்ற உப்பு வேற, இது வேற. இதைத் தினம் போடுற தோல்ல தடவக் கூடாது. தனியா ஒரு துண்டுல தடவி வெச்சுக்கிட்டு, கத்தி இழுக்க ஆரம்பிச்சா மட்டும் பத்து இழுப்பு.

குடியாத்தம் மாமா:

நானும் வாங்கினேன். எங்க வீட்டம்மா அதை பீரோவுல வெச்சுப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா. என் அனுபவம் அவ்ளோதான்.

ஆற்காட்டுலேருந்து:

எங்க அப்பா சலூன் வெச்சிருந்தார். நாற்காலி கைப்பிடியில தோல்வாரு தொங்கும், ஒரு கஸ்டமருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல டெட்டால் தண்ணியில முக்கி எடுப்பார், அவ்வளவுதான். அப்புறம் எய்ட்ஸ் பயம் வந்துச்சு. 1986-ல இந்தியாவுலேயே மொத மொதல்ல எச்.ஐ.வி. தெரிய வந்தது சென்னையில எடுத்த ரத்தத்துல. அந்த ரத்தத்தை டெஸ்ட் பண்ணது வேலூர் சி.எம்.சி.யில. விழிப்புணர்வு போஸ்டர் ஊர் பூரா ஒட்ட ஒட்ட, உக்காரும்போதே “புது பிளேடு போடுங்க”ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கண்ணு முன்னாடி கவரைப் பிரிச்சுக் காட்டினாத்தான் கழுத்தை நீட்டுவாங்க. அப்பா தீட்டுற கத்தியை அடப்பத்துல (சவரச் சாமான் வெக்கிற பை) போட்டு மேல வெச்சுட்டார்.

சொல்லப் போனா கத்தி விஷயத்துல எச்.ஐ.வி.யை விட ஹெபடைடிஸ் பி-க்குத்தான் பயப்படணும். காஞ்ச ரத்தத்துல அந்தக் கிருமி ஒரு வாரம்கூட உயிரோட இருக்கும். அதனால தீட்டுற கத்தின்னா ஒரு கத்தி ஒரு முகம். அண்ணன் தம்பியா இருந்தாலும் குடுக்காதீங்க. பெரியவர் கடையில இப்பவும் கஸ்டமருக்குப் பிளேடுதான் போடுவார், கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. பாதி பிளேடு சொருகுற கத்தியில பழகிட்டு அப்புறம் இதுக்கு வரலாம்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்சு அது தலைகீழ். அந்த பிளேடு மெல்லிசு, கூரு அதிகம், கோணம் கொஞ்சம் தப்பினாலும் உடனே கோடு போட்டுடும். தீட்டுற கத்தி கனமா நிதானமாப் போவும், புதுசா வர்றவங்களைக் கொஞ்சம் மன்னிக்கும்.

காட்பாடிக்காரன்:

ஆற்காடு சார், சரியாச் சொன்னீங்க. கேட்டேன், பிளேடுதான் போடறார். என் கத்தியை என் முகத்துக்கு மட்டும்தான் தொட்டார்.

தண்ணியைப் பத்தி யாரும் சொல்லல. எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. சோப்பைப் பிரஷ்ஷால எவ்வளவு அடிச்சாலும் தயிர் திரிஞ்சாப்புல ஆவுமே தவிர நுரை நிக்காது, முகத்துல தடவுன கையோட காஞ்சுடும். காஞ்ச இடத்துல கத்தி தடுக்கும். காவிரித் தண்ணி வர்ற அன்னிக்கு அதே சோப்பு, அதே பிரஷ், நுரை கெட்டியா நிக்குது. இப்ப ஒரு சொம்பு காவிரித் தண்ணி இதுக்குன்னே எடுத்து வெச்சுடறேன். ஃபேனை நிறுத்திடுங்க, வெயில் நாள்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா நுரை போடுங்க.

முடிஞ்சதும் கத்தியைக் கழுவி, துணியில முதுகுப் பக்கமாத் துடைச்சு, தோல்வாருல நாலு இழுப்பு இழுத்து ஈரத்தைப் போக்கி, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். பாத்ரூம்ல வைக்கவே கூடாது. கார்பன் இரும்பு, ஒரே ராத்திரியில பழுப்புப் பொட்டு விழும், அது வாய்ல விழுந்தா திரும்பக் கல்லுக்குப் போவணும். முகத்துக்குப் படிகாரக் கட்டியை நனைச்சுத் தடவினாப் போதும். எங்க கோணம் தப்புச்சுன்னு எரியுற இடத்தை வெச்சே தெரிஞ்சுடும். எனக்கு இப்பவும் இடது தாடைக்குக் கீழ எரியுது. அங்க முடி கீழ வளராம காதைப் பாத்துப் படுத்திருக்கு. காஞ்ச முகத்துல விரலால தடவிப் பாத்துட்டு அப்புறம் நுரை போடுங்க. கழுத்துப் பொரி பாதிக்கு மேல அடங்கிட்டுது.

இப்ப நிக்கறது மூக்குக்குக் கீழ. மூக்கைப் பிடிச்சு மேல தூக்கினா கத்திக்கு இடம் இருக்கு, ஆனா கை கண்ணாடியை மறைக்குது. மூக்கை விட்டா கண்ணாடி தெரியுது, கத்திக்கு இடம் இல்ல. மீசை வெச்சிருக்கிறவங்க தப்பிச்சீங்க. வழிக்கிறவங்க யாராவது இருந்தா எந்தக் கையால மூக்கைப் பிடிக்கறீங்கன்னு சொல்லுங்க.