டோகாய்: அழுகிய திராட்சையைத் தின்னக் கொடுத்த ஊர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் குடிக்கும் பழக்கம் கிடையாது. ஆசாரமெல்லாம் இல்லை, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். வைன் பைத்தியம் என் மனைவிக்கு. அக்டோபர் கடைசியில் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். "இவ்வளவு தூரம் வந்துட்டு டோகாய் பார்க்காம திரும்பறதா?" என்று அவள் ஆரம்பித்தாள். இனிப்பு வைனுக்குப் பேர்போன ஊராம். பாட்டில் தூக்க ஓர் ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன்.

கெலெட்டி நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம். இறங்கும்போது காலை பத்து மணி தாண்டியிருந்தும் எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்து போனோம். திஸா, போட்ரோக் என்று இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில், ஒரு தனி மலையின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். அந்த மலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோபஸ்', அதாவது மொட்டை. சதுக்கத்தில் பீப்பாய் மேல் உட்கார்ந்திருக்கும் வைன் கடவுள் பாக்கஸின் சிலையைத் தவிர யாரையும் காணோம். திங்கட்கிழமை. வைன் விற்கிற நாலு வீட்டுக் கதவைத் தட்டினோம், நாலும் பூட்டு. மனைவியின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

ஐந்தாவது வீட்டில் மணியை இழுத்ததும் ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ரப்பர் பூட்ஸ், கையில் கத்தரிக்கோல். ஆங்கிலம் தெரிந்த பேரன் பின்னாலேயே வந்தான். அங்கே வயதான பெண்களை 'நேனி' என்று கூப்பிடுவார்கள், நாம் தெரியாதவர்களையும் அத்தை, பாட்டி என்று கூப்பிடுகிற மாதிரி. நாங்களும் நேனி என்றோம், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைன் கிடங்கை இப்போது திறக்க முடியாது, அறுவடை நடக்கிறது, வேண்டுமானால் தோட்டத்துக்கு வாருங்கள் என்றார். பழைய வண்டி ஒன்றில் காலிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து மலைச்சரிவுக்குப் போனோம்.

கொடியைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரே குலையில் பாதி மஞ்சளாகப் பளபளக்கிறது; மீதி சுருங்கி, ஊதாவும் பழுப்புமாக, மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சை. பழைய ரொட்டியில் படிகிற மாதிரி. பாவம், இந்த வருஷ விளைச்சல் போச்சு என்று நினைத்து, "மழை அதிகமோ?" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டேன். பேரன் மொழிபெயர்த்ததும் நேனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அழுகலில் ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, வாயைக் காட்டினார்.

என்ன செய்ய, போட்டுக்கொண்டேன். தோல் மெல்லியதாகக் கிழிந்தது. உள்ளே சாறு இல்லை, பாகுதான் இருந்தது. தேன், ஆரஞ்சுத் தோல், காய்ந்த ஆப்ரிகாட், முடிவில் நாக்கின் ஓரம் கூசுகிற ஒரு புளிப்பு. இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன்.

பேரன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பூஞ்சையின் பெயர் போட்ரைடிஸ். திராட்சைத் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடும். அந்த வழியாகத் தண்ணீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் உள்ளேயே கெட்டிப்படும். காலையில் ஆற்று மூடுபனி பூஞ்சையை எழுப்பிவிட வேண்டும், மதியம் வெயில் வந்து பழத்தை உலர்த்த வேண்டும். வெயில் வராவிட்டால் இதே பூஞ்சை தோட்டத்தையே நாசம் செய்துவிடும். காலையில் நான் திட்டிக்கொண்டே வந்த மூடுபனிதான் இந்த ஊரின் முதலீடு! இப்படி வற்றிய பழத்துக்குப் பெயர் 'அஸூ'. குலையோடு வெட்டுவதில்லை, ஒவ்வொரு பழமாகக் கிள்ளி எடுக்கிறார்கள். ஒரே கொடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வருவார்களாம். நானும் அரை மணி நேரம் கிள்ளினேன். வாளியின் அடிகூட மறையவில்லை.

ஃபுர்மிண்ட், ஹார்ஷ்லெவெலூ போன்ற ஆறு வகைத் திராட்சைக்குத்தான் அனுமதி. எந்த நிலம் டோகாய், எது இல்லை என்று 1737-லேயே அரசாணை போட்டு எல்லை பிரித்திருக்கிறார்கள். 2002-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நேனிக்கு அதிலெல்லாம் பெரிய பெருமை இல்லை. "எங்க தேசிய கீதத்துல டோகாய் பேர் வருது, தெரியுமா?" என்றார். கோல்ச்சேய் என்ற கவிஞர் 1823-ல் எழுதியது. டோகாய்க் கொடிகளில் அமுதம் சொட்டவிட்டாய் என்று கடவுளிடம் சொல்லும் வரி. மலைச்சரிவில் நின்று கத்தரிக்கோலை ஆட்டியபடி அதைப் பாடிக் காட்டினார். குரல் சுமார்தான்.

சாயங்காலம் கிடங்கு திறந்தது. பாறையைக் குடைந்த சுரங்கம், தலை குனிந்துதான் நடக்க வேண்டும். சுவர் முழுக்கக் கறுப்பாக, தொட்டால் ஈரக் கம்பளி மாதிரி இன்னொரு பூஞ்சை. வைனிலிருந்து எழும் ஆவியைத் தின்றே வளர்கிறதாம், துடைக்கவே கூடாதாம். வருஷம் முழுக்க 10 முதல் 12 டிகிரி. நேனி நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பீப்பாய்க்குள் விட்டு வாயால் உறிஞ்சி, மேல் முனையை விரலால் அடைத்து எடுத்தார். அதற்கு 'லோபோ' என்று பெயர். திருடுவது என்ற வினையிலிருந்து வந்த சொல்லாம்.

புட்டோன் என்பது பழம் சுமக்கும் கூடை, ஏறத்தாழ 25 கிலோ பிடிக்கும். 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை அஸூ போட்டார்கள் என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அளக்கிறார்கள், குறைந்தது 120 இருந்தால்தான் அஸூ வைன். மனைவி ஆறு புட்டோனைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அதன்பின் பத்து நிமிடம் என்னிடம் பேசவில்லை, நல்லவிதமாகத்தான்.

எனக்கு ஒரு கரண்டியில் எஸென்ஸியா தந்தார்கள். பழங்கள் தம் கனத்தாலேயே நசுங்கிச் சொட்டுகிற சாறு. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை. அவ்வளவு சர்க்கரையில், அதை ஆல்கஹாலாக மாற்றுகிற ஈஸ்ட்டே திணறிப்போகும், அதனால் ஆல்கஹால் பேருக்குத்தான். கரண்டியைக் கவிழ்த்தால் சொட்டு விழ யோசிக்கிறது. எங்கள் வீட்டில் இருமலுக்குத் தேன் கொடுப்பது ஞாபகம் வந்தது. கரண்டியை நக்கினேன், ஒப்புக்கொள்கிறேன்.

* * *

மேலே எழுதியவர் பார்க்காத ஒரு டோகாய் இருக்கிறது. நான் போனது ஏப்ரல் கடைசியில். புகைபோக்கிகளின் மேல் நாரைகள் வந்து கூடு கட்டும் நேரம். பெரிய மஞ்சள் கட்டடம் ஒன்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். யூத ஜெபாலயம். இப்போது கச்சேரியும் கூட்டமும் நடக்கிற அரங்கு. உள்ளே இருந்த பெண் சுருக்கமாகச் சொன்னார்: இந்த வைனை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர்களில் யூத வணிகர்கள் முக்கியமானவர்கள், 1944-ல் அவர்களை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். "கட்டடம் இருக்கு, கும்பிட ஆள் இல்ல."

மறுநாள் சைக்கிள் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள போட்ரோக்கெரெஸ்தூர் போனேன். ஆறேழு கிலோமீட்டர்தான். அமைதியான கிராமம் என்று நினைத்துப் போனால் திருவிழாக் கூட்டம்! கறுப்புக் கோட்டு, ரோமத் தொப்பி, சுருட்டிய கிருதாவோடு ஆயிரக்கணக்கில் ஆட்கள், நியூயார்க்கிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும். ரெப் ஷாயலே என்ற யூத மதகுருவின் நினைவு நாள். 1925-ல் இறந்தவர். பசியோடு வந்த யாருக்கும் சாப்பாடு போட்டவர் என்பதுதான் அவருடைய பெயர். அவர் படத்தை மாட்டினால் வீட்டில் எலி வராது என்றும் நம்புகிறார்கள்.

சைக்கிளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பையன் ஓடிவந்து, நான் யார் என்றுகூடக் கேட்காமல், தட்டில் சூடாகக் கூகல் என்ற உருளைக்கிழங்குப் பண்டத்தை வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டான். டோகாயில் மூன்று நாள் இருந்தேன், வைனை விட அந்தத் தட்டுதான் ஞாபகம் இருக்கிறது.

* * *

மேலே எழுதிய இருவரும் சொல்லாத நடைமுறை விஷயம் இரண்டு, இரண்டுமே நான் சொந்தச் செலவில் கற்றவை.

காரில் போகாதீர்கள். ஹங்கேரியில் ஓட்டுநருக்கு ஆல்கஹால் அளவு பூஜ்யம்தான், கொஞ்சம் என்றெல்லாம் கிடையாது. நாங்கள் நாலு பேர் போனோம், சீட்டு குலுக்கிப் போட்டதில் என் பெயர் வந்தது. மூன்று கிடங்கிலும் ஒவ்வொரு வாயையும் துப்பிக்கொண்டே வந்தேன். ஒரு தாத்தா தாங்க முடியாமல், என்னைப் பார்க்காமல் இருக்கத் திரும்பி நின்றுகொண்டு ஊற்றினார்.

அடுத்தது, அதற்கு ஈடாக எனக்கென்று ஆறு புட்டோன் ஒன்று வாங்கினேன், அரை லிட்டர் பாட்டில். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போன புத்திசாலியும் நான்தான். சோதனையில் பையைத் திறந்த அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேபிளைப் படித்தார். பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். குப்பைத் தொட்டிக்குப் போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் பாட்டிலை என் கையிலேயே திருப்பி வைத்து, "இதை நான் தூக்கிப் போட மாட்டேன். திரும்பிப் போய்ப் பெட்டியில் போட்டு அனுப்பு, நேரம் இருக்கு" என்றார்.

போனேன். பாட்டில் விலையை விடப் பெட்டிக் கட்டணம் அதிகம்.