காற்று எச்சரிக்கை வந்தால் எந்த எண்ணைப் பார்ப்பது?

புதிதாக வெளிநாடு வந்திருப்பவர்களுக்கு: வானிலை ஆப்பில் மழையையும் குளிரையும் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், காற்றையும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சராசரி வேகம். இன்னொன்று கஸ்ட், அதாவது சில நொடிகள் மட்டும் திடீரென அடிக்கும் உச்ச வேகம். கிளையை முறிப்பது, கார் கதவைக் கையிலிருந்து பிடுங்குவது, ஆளையே தள்ளுவது எல்லாம் கஸ்ட்தான். சராசரி 40, கஸ்ட் 70 என்று இருந்தால் 70-க்குத் தயாராகுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்.

எண்ணோடு அலகையும் பாருங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மைல் கணக்கு. 50 என்றால் நம் கணக்கில் 80 கிலோமீட்டர். சுவீடன், நார்வே பக்கம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்பார்கள். அங்கே 20 என்பது சின்ன எண் இல்லை, மணிக்கு 72 கிலோமீட்டர்!

கேல் என்றால் சுமார் 62 கிலோமீட்டரில் தொடங்கும் காற்று. எதிர்த்து நடப்பதே சிரமம். 89-ஐத் தாண்டினால் ஸ்டார்ம், மரங்கள் வேரோடு சாயலாம். 118-க்கு மேல் ஹரிக்கேன் ஃபோர்ஸ். இது காற்றின் பலத்தை மட்டும் சொல்வது, ஹரிக்கேன் புயலே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்கள் வாட்ச், வார்னிங் இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. வாட்ச் என்றால் வர வாய்ப்பு இருக்கிறது. வார்னிங் என்றால் வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது. டொர்னேடோ (சூறாவளிச் சுழல்காற்று) வார்னிங் வந்தால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காமல் உடனே பேஸ்மென்டுக்கு, அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்துக்குப் போங்கள். அது இல்லாத வீடு என்றால் கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத உள் அறை. பிரிட்டனில் மஞ்சள், ஆம்பர் (ஆரஞ்சு போன்றது), சிவப்பு என்று நிறத்தில் சொல்வார்கள். வேகத்தை மட்டும் வைத்து அந்த நிறம் வருவதில்லை. பாதிப்பு எவ்வளவு, நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சிவப்பு என்றால் உயிருக்கே ஆபத்து, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

குளிர்நாட்டில் விண்ட் சில் எண்ணை, அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். மைனஸ் 10-இல் 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 20 போல இருக்கும். குழந்தைகளின் காதும் விரலும் மூடியிருக்கட்டும்.

சரி, எச்சரிக்கை வந்த அன்று? பால்கனியில் இருக்கும் நாற்காலி, பூந்தொட்டி, துணி காயப்போடும் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். காரை மரத்தடியில் நிறுத்த வேண்டாம். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.