பழைய ரப்பர் புகைப்புரையில் விறகுச் சவுனா: அடுப்பு, புகைக்குழாய் பற்றிக் கேள்வி

மலையோரம் (கேள்வி)
குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்திய செங்கல் புரை ஒன்று சும்மா கிடக்கிறது. உள்ளளவு 2.4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். மேலே பனங்கை (பனைமரச் சட்டம்), தகர ஷீட். விருந்தினர் தங்கும் வீட்டோடு சேர்த்து இதை விறகுச் சவுனாவாக (அடுப்பில் கல்லைச் சூடாக்கி வியர்க்க உட்காரும் வெப்ப அறை) மாற்றலாம் என்று எண்ணம். வெல்டிங் பட்டறையில் 4 மி.மீ. இரும்புத் தகட்டில் அடுப்பு, 4 இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் புகைக்குழாய், ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கல், வெட்டிய ரப்பர் விறகு. இதுதான் திட்டம். எங்கே இடறும்?

தீயும்_கல்லும்
தம்பி, அடுப்பைப் பற்றி யோசிக்கும் முன் புரையைப் பாருங்க. வருஷக்கணக்கில் புகை போட்ட இடத்தில் சுவரிலும் பனங்கையிலும் தார் மாதிரி கரி படிந்திருக்கும். ஷீட்டிலிருந்து சொட்டிக் காய்ந்த ரப்பரும் ஒட்டியிருக்கும். இவை சீக்கிரம் தீப்பிடிப்பவை. சூடேறினால் நாற்றமும் விடாது. ஷீட் தொங்கவிட்ட கழிகளையும் கரி ஏறிய பனங்கைகளையும் முழுசா எடுத்துடுங்க. சுவர்ப் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி மறுபடி பூசுங்க. மேலே பெயிண்ட் அடிச்சு மறைக்கிறது வேண்டாம்.

இன்னொன்று. புகைப்புரையில் புகை அறைக்குள்ளே நிற்கணும், சூடு 40 முதல் 60 டிகிரி போதும். சவுனாவில் அறைச் சூடு 70 முதல் 90, புகை ஒரு இழைகூட உள்ளே வரக் கூடாது. ஆகவே பழைய சூளைவாயை அப்படியே பயன்படுத்த வழியில்லை. அதைச் செங்கல் வைத்து அடைச்சுடுங்க.

இனி எந்த அளவு அடுப்பு வேணும் என்ற கணக்கு. அறையின் கன அளவு 10.08 கன மீட்டர். வெப்பக் காப்பு இல்லாத செங்கல், கண்ணாடி, கல் பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.2 கன மீட்டர் கூட்டணும். உங்க நாலு சுவரும் வெறும் செங்கல் என்றால் பரப்பு ஏறத்தாழ 18.5 சதுர மீட்டர், கூடுதல் 22. மொத்தம் 32 ஆயிடும். அதுக்குத் தக்க பெரிய அடுப்பு வைத்தால் இந்தச் சின்ன அறையில் உட்கார முடியாது. அதனால் 50 மி.மீ. ராக்வூல் (பாறை இழையால் ஆன வெப்பக் காப்பு), அதன்மேல் அலுமினியத் தாள், 2 செ.மீ. காற்றிடைவெளி, பிறகு பலகை என்று சுவரை மூடுங்க. மேற்கூரைக்கு 100 மி.மீ. ராக்வூல்.

அடுப்பு வைக்கும் மூலையை மட்டும் இரண்டு பக்கமும் 1.2 மீட்டர் அகலத்துக்குப் பலகை அடிக்காமல் வெறும் சுவராக விடணும். அந்த 5 சதுர மீட்டருக்கு 6 கன மீட்டர் சேர்த்தால், 60×60 செ.மீ. கண்ணாடி சன்னலோடு மொத்தம் 16.5. ‘8 முதல் 20 கன மீட்டர்’ என்று எழுதியிருக்கிற அடுப்பு பொருத்தம்.

பட்டறை_தக்கலை
உள்ளூரில் அடுப்பு செய்யலாம், ஆனால் விறகு எரியும் பெட்டிக்கு 4 மி.மீ. மெல்லிசு. பக்கத் தகடு 6, நெருப்பு நேரே அடிக்கும் மேல்தகடு 8 முதல் 10 மி.மீ. வேணும், இல்லாட்டி கல்லின் பாரத்தில் சிவந்து தொங்கிடும். வெல்டு இடைவிடாமல் ஓடணும். இரவில் உள்ளே டார்ச் வைத்துப் பாருங்க. எங்காவது ஒளி கசிந்தால் அங்கே புகையும் கசியும்.

ஜி.ஐ. பைப் கூடவே கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். சவுனா அடுப்பின் வாய்ப்புகை அதைத் தாண்டிப் போகும். பூச்சு உரிந்து வரும் ஆவியை மூச்சில் இழுத்தால் காய்ச்சல், நடுக்கம். குழாய் 600 டிகிரி தாங்குகிற எவர்சில்வர். கடற்கரைப் பக்கம் என்றால் 316 ரகம், மலையோரத்துக்கு 304 போதும். குழாயின் விட்டம் அடுப்பின் வாய் அளவே இருக்கணும். வழியில் எங்கும் சுருக்கக் கூடாது.

இடைவெளி: தொழிற்சாலை அடுப்பில் தகட்டில் பொறித்த அளவே சட்டம். பட்டறை அடுப்புக்கு அப்படி எதுவும் இல்லை, அதனால் மரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 90 செ.மீ. சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் 2.5 செ.மீ. இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்த இரும்புத்தகடு நிறுத்தினால் 30 செ.மீ. வரை குறைக்கலாம். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால்தான் சுவர் சூடேறாது. பிளைவுட்டில் டைல்ஸ் ஒட்டி ‘பாதுகாப்பு’ என்று நம்புகிறவர்கள் நிறைய. டைல் சூட்டைக் கடத்தி உள்ளே கொடுக்கும்; மரம் மாதக்கணக்கில் கருகிக் கருகி ஒருநாள் குறைந்த சூட்டிலேயே பிடிக்கும்.

தீ பெரும்பாலும் புறப்படுவது குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில்தான். ஒற்றைத் தோல் குழாய் (காப்பு இல்லாத ஒரே தகட்டுக் குழாய்) மரத்திலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கணும், கூரைக்குள் நுழையவே கூடாது. அங்கே காப்பு நிறைத்த இரட்டைத் தோல் குழாய், சுற்றிலும் மரத்துக்கு 5 செ.மீ. அந்த இடைவெளியில் ராக்வூல் திணிக்காதீங்க, காற்றுதான் வேலை. கூரை துளைக்கும் இடத்துக்கு மேல் குறைந்தது 90 செ.மீ., 3 மீட்டருக்குள் உள்ள எந்த முகட்டையும் விட 60 செ.மீ. உயரம். மேலே மழைத்தொப்பி.

மலையோரம்
அண்ணாச்சி, குழாயை அந்த வெறும் சுவர் மூலை வழியாக வெளியே எடுத்தால் கூரையைத் தொட வேண்டாமே?

பட்டறை_தக்கலை
எடுக்கலாம், நல்ல வழிதான். 90 டிகிரி முழங்கை ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு வையுங்க. படுக்கைப் பகுதி 1 மீட்டருக்குள். வெளியே நிமிரும் இடத்தின் அடியில் கரி வாரும் மூடி. வெளிக்குழாய் முழுக்கக் காப்பு போட்டதா இருக்கணும், இல்லாட்டி மழையில் குளிர்ந்து உள்ளே தார் வழியும். மழைக்காலத்தில் குழாய் இழுக்காமல் அடம்பிடித்தால், கரி மூடிக்குள் ஒரு தாள் செய்தித்தாளைக் கொளுத்துங்க. குழாய் சூடானதும் இழுக்கும். இடி அதிகமான தோட்டத்தில் எல்லாத்துக்கும் மேலே நிற்கும் இரும்புக் குழாய்க்கு எர்த்தும் கொடுங்க.

கிணத்தடி
கல், விறகு, காற்று மூன்றும் சொல்கிறேன்.

ஆற்று உருண்டைக் கல் வேண்டாம். நுண்ணிய துளைகளில் ஈரம் தங்கி ஆவியாகி வெடிக்கும். நம்ம ஊர்க் கருங்கல்லிலும் குவார்ட்ஸ் நிறைய. அது 573 டிகிரியில் திடீரென விரியும். சூடும் குளிரும் மாறிமாறி வந்தால் பொடியாகும். ஆலிவின், பெரிடோடைட், டோலரைட் என்கிற, சூடு தாங்கும் கல்வகை வாங்குங்க. அளவு 5 முதல் 10 செ.மீ., கழுவி, பெரிசு கீழே சிறிசு மேலே, காற்று ஓடும்படி தளர்வாக அடுக்கணும். வருஷம் ஒருமுறை எடுத்து உடைந்ததை மாற்றணும். கல் ஏற்றும் முன், அடுப்பை வெளியே வைத்து முதல் முறை எரித்துடுங்க; எண்ணெயும் பெயிண்ட் புகையும் அங்கேயே போகட்டும்.

ரப்பர் விறகு நன்றாக எரியும், ஆனால் பால் உறைந்த பட்டையை உரிக்கணும். அது கரும்புகை கக்கும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஆகவே தையில் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, கூரைக்கு அடியில் அடுக்கினால்தான் ஈரம் 20 சதத்துக்குக் கீழே வரும். ஈர விறகு குழாயில் தார் சேர்த்து, பிறகு குழாயே எரியும். சிரட்டை பற்றவைக்க ஒரு கைப்பிடி போதும். நிறைத்துப் போட்டால் அடுப்புக்குள் விறகைத் தாங்கும் கம்பி வளையும். மருந்து ஏற்றிய ரப்பர் பலகைத் துண்டு, பிளைவுட் இரண்டும் அடுப்புக்குள் போகக் கூடாது. ஒரு தடவைக்கு 3 கிலோ, எரியும் பெட்டியின் பாதிக்கு மேல் வேண்டாம். முக்கால் மணி, ஒரு மணியில் சூடு வரும்.

காற்று: அடுப்புக்குப் பக்கத்தில் தரையோரம் ஒரு துளை, எதிர்ச்சுவரில் அதைவிடப் பெரிய வெளிவழி. எக்ஸாஸ்ட் ஃபேன் கூடாது. அது குழாய்ப் புகையைக் கீழே இழுத்துவிடும். கங்கு இருக்கும்வரை குழாய்த் தடுப்பை மூடாதீங்க. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. தலைவலி வரும்போதே எழ முடியாமல் போகும். அலாரம் ஒன்று வாங்கி உடை மாற்றும் அறையில் மாட்டுங்க. சவுனா அறைச் சூட்டில் அது கெட்டுப்போகும்.

தீயும்_கல்லும்
விருந்தினருக்குத் திறக்கப் போறீங்க, அதனால் இதையும் சேர்த்துக்குங்க. கதவு வெளிப்பக்கம் திறக்கணும், தாழ்ப்பாள் இல்லை, காந்தம் மட்டும். கைப்பிடி மரம். அடுப்பைச் சுற்றி மரவேலி வைத்தால் அதுக்கும் அதே இடைவெளிக் கணக்கு. கல்லில் ஒரு தடவைக்கு 200 மி.லி. தண்ணீர், பக்கவாட்டில் நின்று ஊத்தணும். ஆவி நேரே மேலே பாயும். உப்புக் கிணற்றுத் தண்ணி தகட்டை அரிக்கும், நல்ல தண்ணியே ஊத்துங்க. 10 முதல் 15 நிமிஷம் போதும். குடிச்சவங்களை உள்ளே விடாதீங்க. கர்ப்பிணி, இதயநோய், ரத்தஅழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுட்டு வரட்டும்.

சாம்பலை மறுநாள்தான் வாரணும், மூடி உள்ள இரும்பு வாளியில். பிளாஸ்டிக் வாளியும் ரப்பர் சருகுக் குவியலும் வேண்டாம். சருகுக்குள் கங்கு விழுந்தால் மாசி, பங்குனி வெயிலில் தோட்டமே பிடிக்கும்.

மலையோரம்
பனங்கையை நாளைக்கே இறக்கிவிடுகிறேன். குழாய்க்குச் சுவர் மூலையே உறுதி. அளவு வரைந்து முடித்ததும் படம் போடுகிறேன், இடைவெளிகளை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி.