பொயிலர்பிளேட் குறிமுறைக்குத் தமிழில் எது?

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்கான பாடக்குறிப்பில் ஒரு சொல்லால் தடைப்பட்டு நிற்கிறேன்: நிரலில் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப எழுதவேண்டிய வரிகளை ஆங்கிலத்தில் பொயிலர்பிளேட் (boilerplate) என்கிறார்கள். இரணைமடுக் குளத்தின் நாளாந்த அளவீடுகளை ஜேசன் (JSON) என்னும் தரவுக் கோப்பிலிருந்து பகுத்தெடுத்து, ஒவ்வொரு நாளையும் நிரலில் ஒரு பொருளாக (object) ஆக்குவதே பயிற்சி. திகதி, நீர்மட்டம், மழைவீழ்ச்சி, திறந்த வான்கதவுகள் ஆகிய புலங்களின் பெயர்களை மாணவர்கள் அளபுருவாக (parameter) ஒருமுறையும், சமன்குறியின் இருபுறமும், கோப்பிலிருந்து எடுக்கும்போது மேலும் ஒருமுறையும் எழுதிச் சலிக்கிறார்கள். பைதன் நிரல்மொழியின் 3.7ஆம் பதிப்பில், அதாவது 2018இல், வந்த டேட்டாகிளாஸ் (dataclass) என்னும் வசதியில் புலங்களை ஒருமுறை அறிவித்தால் போதும். ஆனால் அது நீக்கும் வரிகளை என்னவென்று அழைப்பது? 'கொதிகலன் தகடு' என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து எழுத மனம் வரவில்லை.

வவுனியாவிலிருந்து:
பெயர் நன்னூலிலேயே இருக்கிறது, தம்பி. பவணந்தியார் நூலுக்கு எண்ணிய பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று. தொல்காப்பிய மரபியலும் அதைச் சொல்கிறது. 'கூறியதுகூறற் குறிமுறை' என்க.

மன்னாரிலிருந்து:
ஐயா, அது எழுதுபவரின் குற்றம். இங்கே நிரல்மொழி கேட்பதால்தான் மாணவர் திரும்ப எழுதுகிறார். மேலும், திரும்ப வருவது வடிவமே, உள்ளடக்கமன்று. யாப்பில் தேமா என்ற வாய்பாடு நேர்நேர் அசை கொண்ட எந்தச் சீரையும் குறிக்கிறதே, அப்படி. ஆகவே 'வாய்பாட்டுக் குறிமுறை' என்பதே பொருந்தும். இன்னொன்று: டேட்டாகிளாஸ் தரவு வகைகளை மாற்றித் தராது. கோப்பில் எழுத்துச் சரமாக (string) இருந்த திகதி சரமாகவே நிற்கும்; உள்ளடங்கிய பதிவும் பொருளாகாமல் பைதனின் அகராதியாகவே (dictionary) இருக்கும். அவற்றை மாற்ற எழுதும் வரிகள் சிந்தித்து எழுதவேண்டியவை. அவற்றையும் இப்பெயருக்குள் அடக்கினால் மாணவர் குழம்புவர்.

முல்லைத்தீவிலிருந்து:
நேர்முகத்தேர்வில் 'பொயிலர்பிளேட்' என்றுதான் கேட்பார்கள். அதையே வைத்துவிடலாமே?

வவுனியாவிலிருந்து:
வாய்பாடு என்றதும் பிள்ளைகள் பெருக்கலைத்தான் நினைப்பார்கள். அது வாய்பாடா, வாய்ப்பாடா என்பதும் தீரவில்லை. வாயால் பாடிப் படிப்பதனால் வந்த பெயரென்றே நான் கொள்கிறேன். திரும்ப வருதல் குற்றமன்று என்று வாதிடுவதானால், சொல்லோ பொருளோ திரும்ப வருவதையே அணியாகக் கொள்ளும் தண்டியலங்காரத்தின் பின்வருநிலையணியையாவது துணைக்கு அழைத்திருக்கலாம்.

கிளிநொச்சியிலிருந்து:
குறிப்பு இன்றிரவு அச்சுக்குப் போகிறது. 'வாய்பாட்டுக் குறிமுறை' என்று இட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் பொயிலர்பிளேட்டைச் சேர்த்திருக்கிறேன். வகைமாற்ற வரிகளுக்குத் தனித் தலைப்பு வைத்துவிட்டேன். பகரம் மிகவில்லை, ஐயா.

வவுனியாவிலிருந்து:
அடுத்த பதிப்பில் மிகட்டும். கூறியது கூறலையும் நான் கைவிடவில்லை.