மேடையிலிருந்து கேமராவுக்கு: ‘கொஞ்சம் கம்மி பண்ணுங்க’ என்பதைத் தாண்டி என்ன செய்வது?

ஒப்பனை_அறை கேட்டது:

முழுநீள நாடகங்களில் முக்கிய வேடம் செய்து பழகிய ஒருவர் முதல்முறையாகப் படப்பிடிப்புக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: ‘கொஞ்சம் கம்மி பண்ணுங்க.’ குரலைத் தாழ்த்தி, கையைக் கட்டிக்கொண்டு நடித்தால் திரையில் முகம் செத்துக் கிடக்கிறது. கொஞ்சம் கூட்டினால் ‘டிராமாவா இருக்கு’ என்கிறார்கள்.

ஷாட்டுக்கு ஏற்ப எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது? காட்சிகளை முன்பின்னாக எடுக்கும்போது கதாபாத்திரத்தை எப்படிக் கையில் வைத்திருப்பது? குரலை என்ன செய்வது? நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படமும் ஒப்புக்கொண்டால் எங்கெல்லாம் இடிக்கும்? உற்சாகமூட்டும் வார்த்தைகள் வேண்டாம். செய்முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்_மணி:

‘கம்மி’ என்பதே தப்பான அளவுகோல். மேடையில் நீங்கள் இரண்டு பேரிடம் பேசுகிறீர்கள்: எதிரே நிற்கும் நடிகரிடமும், இருபது மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடமும். கேமராவுக்கு முன் அந்த இரண்டாவது ஆள் கிடையாது. ஆகவே குறைய வேண்டியது தூரம்தான்; உணர்ச்சி அல்ல. எதிராளி ஒன்றரை மீட்டரில் நிற்கிறாரா, ஒன்றரை மீட்டருக்குத் தேவையான குரல், முகம். கோபம் அதே கோபமாக இருக்கட்டும். அதையும் சேர்த்து இறக்கினால்தான் நீங்கள் சொல்லும் செத்த முகம் வருகிறது.

ஷாட் வைத்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘ஃப்ரேம் எங்கே கட் ஆகுது?’ யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்காமல் நடிப்பவரைத்தான் திரும்பத் திரும்ப நிறுத்துவார்கள். நெஞ்சோடு கட் என்றால் இடுப்பருகே செய்யும் கையசைவு தெரியாது. விரல்நுனி மட்டும் ஃப்ரேமின் அடியில் வந்து வந்து போய்க் கவனத்தைக் கலைக்கும். கடிதமோ கோப்பையோ காட்ட வேண்டுமானால் தாடைக்குக் கொஞ்சம் கீழே வரை தூக்கிப் பிடியுங்கள். நிற்பவருக்குச் செயற்கையாகத்தான் இருக்கும், பார்ப்பவருக்கு இருக்காது. எதிராளியோடு நிற்கும் நெருக்கமும் அப்படித்தான். இரண்டு பேரையும் ஒரே ஃப்ரேமில் அடக்க, நிஜவாழ்க்கையில் நிற்பதைவிட மிக நெருங்கி நிற்கச் சொல்வார்கள். பின்வாங்காதீர்கள்.

க்ளோசப்பின் கணக்கு இது. சராசரி முகம் தலை முதல் தாடை வரை 22 செ.மீ. அது திரையரங்கில் 4 மீட்டர் உயரத்துக்கு விரிந்தால் ஏறக்குறைய 18 மடங்கு. புருவம் 1 செ.மீ. ஏறினால் திரையில் 18 செ.மீ. ஏறுகிறது. (கைபேசியில் பார்க்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கேயும் ஃப்ரேமுக்குள் முகம் பிடிக்கும் விகிதம் மாறுவதில்லை.) மேடைப் பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் நெற்றியைச் சுருக்குவது, சொல்லை அழுத்தும்போது தலையாட்டுவது, இந்த இரண்டையும் முதலில் நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்து, உடல் எடை. மேடையில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் துளை அகலமாகத் திறந்த நிலை), இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. முன்னே பின்னே ஆடினால் கண் ஃபோகஸை விட்டு வெளியே போய்விடும். அதே இடத்தில் 35 மி.மீ. லென்ஸ் என்றால் 35 செ.மீ. வரை கிடைக்கும். அதனால் எந்த லென்ஸ் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நடிகருக்கும் லாபம். நெருக்கமான ஷாட்டில் நாற்காலியிலிருந்து எழுவதாக இருந்தால் எழுவதற்கு முன்பே எடையை முன்காலுக்குக் கொண்டுவந்து, வழக்கத்தைவிட மெதுவாக எழுந்திருங்கள். சட்டென்று எழுந்தால் கேமரா ஓட்டுபவர் உங்கள் வயிற்றைத்தான் பிடித்திருப்பார்.

மார்க் (நடிகர் வந்து நிற்க வேண்டிய இடம்): தரையில் ஒட்டிய டேப்பைக் குனிந்து பார்த்தால் ஷாட் போச்சு. ரிஹர்சலில் மார்க்கின் மேல் நின்று, அங்கிருந்து பின்னோக்கித் தொடங்கும் இடம் வரை இயல்பான நடையில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். டேக்கில் அதே எண்ணிக்கை, அதே காலில் தொடக்கம். கண்மட்டத்தில் ஒரு அடையாளமும் வைத்துக்கொள்ளலாம். கதவின் விளிம்பும் விளக்குத் தண்டும் ஒரே கோட்டில் வந்தால் மார்க் வந்துவிட்டது.

லுக் (பார்வை போகும் திசை): எதிராளியின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பது நேரில் இயல்பு. க்ளோசப்பில் அது விழி இங்கும் அங்கும் ஓடுவதாகத் தெரியும். லென்ஸுக்கு அருகில் உள்ள அவருடைய ஒரு கண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். லுக் லென்ஸை நெருங்க நெருங்க உங்கள் முகம் அதிகம் கிடைக்கும். லென்ஸுக்குள் மட்டும், சொன்னாலொழிய, பார்க்கக் கூடாது.

இன்னொன்று. வசனம் இல்லாத இடத்தில் ‘ஏதாவது காட்ட வேண்டும்’ என்ற பதற்றம். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் ஒருவரின் சலனமற்ற ஒரே முகத்தை வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டிக்காட்டியபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைப் படித்தார்கள் என்பது நூறாண்டுப் பழைய பாடம். எடிட்டர் பாதி வேலையைச் செய்கிறார். நீங்கள் கேளுங்கள், யோசியுங்கள், அது போதும்.

கன்டினியூட்டி_பேப்பர்:

முன்பின்னா எடுக்கிறதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஸ்கிரிப்ட் கைக்கு வந்த அன்னைக்கே ஒரு அட்டவணை போட்டுடுங்க. காட்சி எண், கதையில எத்தனையாவது நாள், பகலா இரவா, இதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இந்த ஆள் எங்க இருந்தான், என்ன பண்ணிட்டிருந்தான், உடம்பு எந்த நிலையில (மூச்சு வாங்குதா, காயமா, தூக்கம் கெட்டுதா), இந்தக் காட்சி வரைக்கும் இவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. கடைசிக் கட்டம்தான் ரொம்ப முக்கியம். கிளைமாக்ஸை மூணாவது நாளே எடுத்துட்டு, அப்புறம் முதல் சந்திப்பை எடுக்கும்போது நடிகர் முகத்துல முன்கூட்டியே சோகம் வந்து உக்காந்துடும். கதாபாத்திரத்துக்குத் தெரியாததை நடிகர் தெரிஞ்ச மாதிரி நடிக்கிற கோளாறு இது. மேடையில ரெண்டு மணி நேரம் தானா ஏறிவர்ற கோட்டை, இங்க பேப்பர்ல வச்சுக்கிட்டாத்தான் உண்டு.

காட்சி ஒரு இடத்துல பாதியும் இன்னொரு இடத்துல மீதியும் எடுப்பாங்க. வாசல்ல நுழையறது இன்னைக்கு, உள்ளே வர்றது மூணு வாரம் கழிச்சு. நுழையும்போது எந்தக் கையில பை, எவ்வளவு வேகம், மூச்சு எப்படி, இதெல்லாம் டேக் ஓகே ஆனவுடனே குறிச்சுக்கணும். கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகுதான்னு) பார்க்கிற உதவி இயக்குநர் உடை, பொருள் எல்லாம் போட்டோவோட வச்சிருப்பார். ஆனா மூச்சோட வேகம் போட்டோவுல வராது. அது நடிகரோட பொறுப்பு.

கை வேலை: மாஸ்டர் ஷாட்ல (காட்சி முழுசையும் அகலமா எடுக்கிறது) எந்தச் சொல்லுக்கு டம்ளரை எடுத்தீங்களோ, சஜஷன் (எதிராளி தோள் வழியா எடுக்கிறது), க்ளோஸ் எல்லாத்துலயும் அதே சொல்லுக்கு எடுக்கணும். இல்லேன்னா எடிட்டர் ஒட்ட முடியாம, நல்ல டேக்கை விட்டுட்டு ஒட்டுற டேக்கை எடுத்துப்பார். நடிப்பு நல்லா இருந்தும் படத்துல காணோமேன்னு புலம்பறவங்கள்ல நிறையப் பேருக்கு இதுதான் காரணம். அதனால மாஸ்டர்ல கை வேலையை ரெண்டு மூணோட நிறுத்துங்க, ஒவ்வொண்ணையும் ஒரு சொல்லோட கட்டிப் போடுங்க. சாப்பாட்டுக் காட்சின்னா சின்னக் கவளம், அதுவும் எதிராளி வசனத்துல. பத்துப் பதினஞ்சு தடவை சாப்பிடணும்ங்கிறதை மறந்துடாதீங்க.

அழுகைக் காட்சியில மாஸ்டர்லயே எல்லாத்தையும் கொட்டிட்டா, க்ளோசப் வர்றதுக்குள்ள கண்ணு வறண்டுடும். யார் பக்கம் முதல்ல எடுக்கப் போறீங்கன்னு இயக்குநர்கிட்ட முன்னாடியே கேளுங்க. உங்க க்ளோசை முதல்ல வச்சா நல்லா இருக்கும்னும் சொல்லலாம், லைட்டிங் இடம் கொடுத்தா மாத்துவாங்க. எதிராளி க்ளோஸ் எடுக்கும்போது லென்ஸ் பக்கத்துல ஒட்டி நின்னு வசனத்தை உயிரோட கொடுங்க.

தடுமாறினா நீங்களே நிறுத்தாதீங்க. முந்தின வரியிலேருந்து திரும்ப எடுத்துப் போயிட்டே இருங்க, ‘கட்’ சொல்ற வரைக்கும். கடைசி வசனத்துக்கு அப்புறமும் ரெண்டு மூணு செகண்ட் அப்படியே இருங்க. காட்சியை முடிக்க எடிட்டர் தேடுற பார்வை பல தடவை அங்கதான் கிடைக்கும்.

ஒப்பனை_அறை:

மிக உபயோகம். டேக் முடிந்ததும் மானிட்டரில் போய்ப் பார்க்கலாமா? குரலைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம்_மணி:

கன்டினியூட்டிக்காகப் பாருங்கள். நடிப்புக்காகப் பார்த்தால் அடுத்த டேக்கில் பழைய டேக்கைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். எதிராளி உங்கள் கவனத்திலிருந்து காணாமல் போய்விடுவார்.

பூம்_நிழல்:

குரல் பிரச்சினை இரண்டு பக்கமும் இருக்கிறது. சத்தமாகப் பேசுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, ‘இயல்பு’ என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கிசுகிசுப்பது. மூச்சின் ஆதரவு போய், வரியின் கடைசிச் சொல் விழுந்துவிடும். பின்னால் அதைக் கூட்டினால் அறையின் இரைச்சலும் சேர்ந்து கூடும். ஒலி குறையலாம், உச்சரிப்பும் மூச்சும் குறையக் கூடாது.

ரிஹர்சலில் வசனத்தை முணுமுணுத்துவிட்டு டேக்கில் முழுக் குரலில் கத்தினால் ஒலி வெட்டுப்பட்டு உடையும். டிஜிட்டல் பதிவில் உச்சத்தில் வெட்டுப்பட்டதைப் பின்னால் முழுதாக மீட்க முடியாது. கத்தும் வரி எது என்று ஒலிப்பதிவாளரிடம் முன்பே சொல்லி, அந்த ஒரு வரியை மட்டும் முழு அளவில் பேசிக் காட்டுங்கள். சட்டையில் குத்திய மைக் இருந்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வது, கட்டிப்பிடிப்பது, சங்கிலி உரசுவது எல்லாம் அதில் விழும்.

ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசுவதில் மேடைக்காரர்களுக்குப் பழக்கம் அதிகம். க்ளோசப்பில், கேட்டுக்கொள்ளாமல் அதைச் செய்யாதீர்கள். ஃப்ரேமுக்கு வெளியே இருப்பவரின் குரல் உங்கள் வரியின் மேல் ஏறினால் அந்த இடத்தில் எடிட்டர் வெட்ட முடியாது. ஒரு மூச்சு இடைவெளி விட்டால் போதும், வேகத்தை எடிட்டிங்கில் கொண்டுவந்துவிடுவார்கள். இருவரும் தெரியும் ஷாட்டில் இயக்குநர் கேட்டால் தாராளமாக மோதிக்கொள்ளலாம்.

டப்பிங் தனி வித்தை. ஹெட்போனில் ஒரு செகண்ட் இடைவெளியில் மூன்று பீப் வரும். நான்காவது விழ வேண்டிய இடத்தில் வசனம் தொடங்க வேண்டும். உதட்டையே பார்த்துக்கொண்டு பேசினால் எப்போதும் கொஞ்சம் தாமதமாகும். முதலில் பைலட் டிராக்கை, அதாவது படப்பிடிப்பில் பதிவான உங்கள் குரலை, இரண்டு முறை கேட்டு, மூச்சு எங்கே எடுத்தீர்கள் என்று வசனத் தாளில் கோடு போடுங்கள். மூச்சு பொருந்தினால் உதடு தானாகப் பொருந்தும். ஓடும் காட்சி என்றால் நின்ற இடத்திலேயே உடம்பை இயக்குங்கள். சும்மா நின்று மூச்சு வாங்குவதுபோல் நடித்தால் காதுக்கு உடனே தெரிந்துவிடும். ‘ப’, ‘ப்ப’ வெடிக்கிறது என்றால் மைக்குக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிப் பேசுங்கள். கத்தல்களை அன்றைய அமர்வின் கடைசிக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். அன்று இரவு நாடகம் இருந்தால் டப்பிங்கே வேண்டாம்.

தேதி_டைரி:

நாடகமும் படமும் இடிப்பது பற்றிய கேள்விக்கு. நாடகத் தேதி நகராது, ஷெட்யூல் நகர்ந்துகொண்டே இருக்கும். இதுதான் அடிப்படைச் சிக்கல், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

கால்ஷீட் கொடுக்கும்போதே நாடகத் தேதிகளையும் இறுதி ஒத்திகை நாட்களையும் எழுத்தில் கொடுத்து, ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னது, தயாரிப்பு நிர்வாகி மாறியவுடன் காற்றோடு போய்விடும். நாடகத்துக்கு முந்தைய நாளையும் சேர்த்துக் காலியாகக் கேளுங்கள். இரவுப் படப்பிடிப்பு விடியும்வரை இழுத்தால் மறுநாள் மேடையில் குரல் இருக்காது. கொடுக்கும் நாட்கள் படப்பிடிப்புக்கு மட்டுமா, டப்பிங்கும் பேட்ச் ஒர்க்கும் (விடுபட்ட ஷாட்டுகளைப் பின்னால் எடுப்பது) சேர்த்தா என்பதைத் தனித்தனியே எழுதுங்கள். சம்பளம் மொத்தமாகப் பேசப்பட்டிருந்தால், ஒப்புக்கொண்டதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு என்ற வரி கட்டாயம் வேண்டும்.

யாரும் முன்கூட்டி யோசிக்காத மோதல் தலைமுடியும் தாடியும். படத்தில் தாடி வளர்த்துப் பாதி எடுத்திருப்பார்கள், நாடகத்தில் மழித்த முகம் வேண்டும். ஒட்டுத்தாடி மேடைத் தூரத்தில் எடுபடும். க்ளோசப்பில் ஓரத்து வலை தெரிய வாய்ப்பு அதிகம், வியர்த்தால் பசையும் விடும். ஆகவே நிஜத் தாடியைப் படத்துக்கு விட்டுக்கொடுத்து, நாடகத்தின் தோற்றத்தை அதற்கேற்ப மாற்றச் சொல்வதுதான் நடைமுறை. நாடக இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், முடி சம்பந்தப்பட்ட காட்சிகள் முடியும் தேதியைப் படக்குழுவிடம் வாங்கிக்கொண்ட பிறகே நாடகத்துக்குச் சரி சொல்லுங்கள்.

பல மாதம் படத்திலேயே இருந்துவிட்டு மேடைக்குத் திரும்புபவர்களுக்கு முதலில் போவது வரிகளின் முடிவுதான்; கடைசிச் சொல் தரையைப் பார்த்து விழும். முதல் காட்சிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் 20 நிமிடம் குரல் பயிற்சியும், வாரம் இருமுறை முழு நாடகத்தையும் நிறுத்தாமல் ஓட்டுவதும் வேண்டும். குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசி ஓய்வு கொடுப்பதாக நினைக்காதீர்கள், சும்மா இருப்பதுதான் ஓய்வு. மூன்று நான்கு வாரத்தைத் தாண்டியும் கம்மல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டிவிடுங்கள்.