ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்கள் தங்கள் மிகப்பெரிய வெற்றியை ஏன் துயரத்தோடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள்?

கேள்வி: நடுக்கள ரசிகர்

நண்பர்களுக்கு வணக்கம். ஓய்வுபெற்ற வீரர்களின் நேர்காணல்களையும் தன்வரலாறுகளையும் சில காலமாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஒரு வீரரின் உச்சம் என்று உலகமே கருதும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், அவர் கோலையும் கோப்பையையும் விரைவாகக் கடந்துவிட்டு, அதற்கு முன் நேர்ந்த இழப்பைப் பற்றியோ அப்போது உடன் இல்லாத ஒருவரைப் பற்றியோதான் நெடுநேரம் பேசுகிறார். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 116ஆவது நிமிடத்தில் கோல் அடித்து ஸ்பெயினுக்கு முதல் உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் ஆந்த்ரேஸ் இனியெஸ்தா. கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றியபோது, முந்தைய ஆண்டு 26 வயதில் இறந்துபோன அவருடைய நண்பர் தானி ஹார்க்கேயின் பெயர் உள்பனியனில் எழுதப்பட்டிருந்தது. அந்த மரணத்துக்குப் பின் தாம் மனச்சோர்வில் தவித்ததை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். வெற்றியும் துயரமும் இவ்வாறு பின்னிக்கிடப்பது தற்செயலா, அல்லது இந்த ஆட்டத்தின் இயல்பிலேயே அதற்குக் காரணம் உள்ளதா?

பதில்: பழைய ஆட்டங்கள்

தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அணியாக ஆடுகிறவர்களுக்கு வெற்றி ஒருபோதும் தனிச்சொத்தாக இருப்பதில்லை. அதில் யாருக்கெல்லாம் பங்கு உண்டு என்ற கணக்கு அவர்கள் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்து வீரர் பாபி சார்ல்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நடந்த விமான விபத்தில் அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் வீரர்கள் எட்டுப் பேர் உட்பட 23 பேர் உயிரிழந்தனர். உயிர்தப்பியவர்களில் சார்ல்டனும் பயிற்சியாளர் மாட் பஸ்பியும் இருந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1968இல் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கழகத்தை 4–1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியபோது, அணித்தலைவராக இரண்டு கோல்கள் அடித்த சார்ல்டன் அன்றிரவு வெற்றி விருந்துக்குச் செல்லவில்லை. உடலும் மனமும் தளர்ந்து விடுதி அறையிலேயே இருந்துவிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் உலகக் கோப்பையையே வென்றிருந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதைவிட என்னை அதிகம் உலுக்கியது ஜாம்பியாவின் வரலாறு. 1993 ஏப்ரலில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்துக்காகச் செனகலுக்குச் சென்றுகொண்டிருந்த அந்நாட்டு அணியின் விமானம், காபோனின் லிப்ரவில் நகரிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் கடலில் விழுந்து, 18 வீரர்கள் உட்பட அதிலிருந்த 30 பேரும் மாண்டனர். நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்ததால் தனியாகப் பயணம் செய்யவிருந்த கலுஷா புவால்யா தப்பினார். புதிதாகத் திரட்டப்பட்ட அணியுடன் அவர் மறு ஆண்டே ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டம்வரை சென்று நைஜீரியாவிடம் 2–1 என்று தோற்றார். பின்னர் 2012இல், அதே லிப்ரவில் நகரில், ஐவரி கோஸ்ட்டைப் பெனால்டிகளில் 8–7 என்று வீழ்த்தி ஜாம்பியா முதன்முறையாக அந்தக் கோப்பையை வென்றபோது, நாட்டின் கால்பந்துச் சங்கத் தலைவராக இருந்தவர் கலுஷாவே. தாம் ஆடாத அந்த ஆட்டத்தை அவருடைய வாழ்வின் மிகப்பெரிய வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பதில்: எல்லைக்கோடு

எடுத்துக்காட்டுகள் நெகிழவைக்கின்றன, முடிவோடு நான் உடன்படவில்லை. வீரர்கள் எதை நினைவுகூர்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் கேள்வி கேட்பவரே தீர்மானிக்கிறார். இத்தாலிய வீரர் ராபர்ட்டோ பாஜ்ஜியோவிடம், பிரேசிலுக்கு எதிரான 1994 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கம்பத்துக்கு மேலே போன பெனால்டியைப் பற்றித்தான் எப்போதும் கேட்கிறார்கள். அவர் அடித்த ஐந்து கோல்கள்தாம் இத்தாலியை அந்த ஆட்டம்வரை கொண்டுவந்தன. அன்று அவருக்கு முன் சக வீரர்கள் பரேசியும் மஸ்ஸாரோவும் பெனால்டியைத் தவறவிட்டிருந்தனர். பாஜ்ஜியோ கோல் அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை மீதமிருந்தது. இவற்றை எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1998 உலகக் கோப்பையில் சிலிக்கு எதிரான ஆட்டத்தில் இத்தாலி 2–1 என்று பின்தங்கியிருந்தபோது கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை அதே பாஜ்ஜியோ முன்வந்து உதைத்துக் கோலாக்கினார். என் மதிப்பில் அவருடைய ஆட்டவாழ்வின் மிகத் துணிவான தருணம் அதுதான். அதைப் பற்றிக் கேட்டால் அவரிடமிருந்து நமக்குக் கிடைக்கும் நினைவும் வேறாக இருக்கும்.

பதில்: கடைசி விசில்

பாஜ்ஜியோவைப் பொறுத்தவரை எல்லைக்கோடு சொல்வது சரி. ஆனால் இனியெஸ்தாவின் பனியனில் அந்தப் பெயர் ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஜாம்பிய வீரர்களும் 2012 இறுதியாட்டத்துக்கு முன்பே லிப்ரவில் கடற்கரைக்குச் சென்று மலரஞ்சலி செலுத்தினர். எந்தச் செய்தியாளரும் கேட்டு அவர்கள் அதைச் செய்யவில்லை.

1950இல் ரியோவின் மரக்கானா அரங்கில் பிரேசிலை 2–1 என்று தோற்கடித்து உலகக் கோப்பையை வென்ற உருகுவே அணித்தலைவர் ஒப்துலியோ வரேலாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். அன்றிரவு அவர் ரியோவின் மதுக்கடைகளில் பிரேசில் மக்களோடு அமர்ந்து குடித்தார். அவர்களுடைய அழுகையைப் பார்த்து வருந்தியதைப் பிற்காலத்திலும் சொல்லிவந்தார். வரேலாவுக்கு அன்று நண்பர் யாரும் இறந்துவிடவில்லை. எதிரணியின் துயரமே அவருடைய வெற்றிக்குள் புகுந்துவிட்டது. ஆகவே, கேள்வியை எழுப்பியவர் இழப்பு என்று சொல்லும்போது வீரரின் சொந்த இழப்பை மட்டும் எண்ணாமல், தோற்றவர்களின் முகங்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.