ட்ராட்டில் உட்கார முடியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 34 வயதில் குதிரையேற்றம் கற்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. நடையில் குறையில்லை. ட்ராட்டில், அதாவது குதிரையின் துள்ளோட்டத்தில், எழுந்து எழுந்து உட்கார்வதும் தாளத்துக்கு வந்துவிட்டது. எழாமல் உட்கார்ந்தே ஓட்டச் சொன்னால்தான் சேணத்தில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பயத்தில் முழங்காலை இறுக்குகிறேன். குதிகால் மேலேறி அங்கவடி (பாதம் வைக்கும் வளையம்) நழுவுகிறது. அதைவிட வருத்தம், தடுமாறும்போது கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கிவிடுகிறேன். பாவம், வயதான பெண்குதிரை, வாய் வலித்துத் தலையை உதறுகிறாள்.

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று தெரியும். நிற்கும் குதிரையில் சரியாக இருக்கிறது, ஓடும்போது கலைந்துவிடுகிறது.

பயிற்சியாளர் நீளக்கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிட, அங்கவடி இல்லாமல் பழகியவர்கள் இருக்கிறீர்களா? ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம் செய்தீர்கள்? இடுப்பு இளக வீட்டில் என்ன செய்யலாம்? அவளுக்கு நோகாமல் பழக வேண்டும்.